கை சுடவில்லை என்று சந்தோஷப்படாதீர்கள்

பட்டறைப் பக்கம்: வாசகர் கேள்வி பதில்

போன மாதம் ஒரு வாசகர் கேட்டார் என்று, கையில் பிடிக்கிற பெரிய லேசருக்கு எந்த உலோகத்தில் கூடு செய்யலாம் என்பதற்கு நாலு வரியில் பதில் போட்டிருந்தேன். நாலு வரியில் அடங்குகிற விஷயமா இது என்று பினாங்கிலிருந்து கிள்ளான் வரைக்கும் திட்டி எழுதிவிட்டீர்கள். சரி, இந்த மாதம் முழுக்க அதுதான். பாதிப் பேர் பெயர் போட வேண்டாம் என்று கேட்டதால் எல்லோருக்கும் ஊர் மட்டும்.

நான் பாலிடெக்னிக் மாணவன். 9 மில்லிமீட்டர் நீல டயோடை (லேசர் ஒளி தருகிற உறுப்பு) 12 மில்லிமீட்டர் மாடியூலில் (டயோடைப் பிடிக்கிற உலோகக் குழாய்) அழுத்தி, செம்பு ஹீட்சிங்க் (சூட்டை வாங்குகிற கட்டை) போட்டு, அலுமினிய டார்ச் கூட்டுக்குள் வைத்திருக்கிறேன். 3 ஆம்பியர் ஓடுகிறது. அரை நிமிடம் நன்றாக இருக்கிறது, அப்புறம் ஒளி மங்குகிறது. ஆனால் கூட்டைத் தொட்டால் சில்லென்றுதான் இருக்கிறது, அதனால் சூடு காரணமாக இருக்காது. டயோடு போலியா?
(பிறை)

டயோடு மேல் பழி போடாதீர்கள் தம்பி. கூடு சில்லென்று இருக்கிறது என்று நிம்மதியாக எழுதியிருக்கிறீர்களே, கோளாறு அந்த வரியில்தான் இருக்கிறது. பிளாஸ்கில் காப்பி ஊற்றி வைத்தால் வெளியே தொட்டால் ஒன்றும் தெரியாது, உள்ளே நாக்கு பொத்துப்போகிற சூடு இருக்கும். நீங்கள் செய்து வைத்திருப்பது லேசர் போட்ட பிளாஸ்க்.

கணக்கைப் பாருங்கள். 3 ஆம்பியர் ஓடும்போது டயோடில் 4.5 வோல்ட் வாக்கில் விழும், ஆக உள்ளே போவது 13.5 வாட். வெளிச்சமாக 4 வாட் வெளியே வருகிறது என்று தாராளமாக வைத்தாலும் 9.5 வாட் சூடாகத்தான் போயாக வேண்டும், டயோடுக்கு மின்சாரத்தை அளந்து கொடுக்கிற டிரைவர் போர்டு தன் பங்குக்குக் கொஞ்சம் சேர்க்கும், சுலபமாக 10 வாட் என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த 10 வாட்டும் டயோடிலிருந்து மாடியூலுக்கு, மாடியூலிலிருந்து சிங்குக்கு, சிங்கிலிருந்து கூட்டுக்கு, கூட்டிலிருந்து உங்கள் கைக்கும் காற்றுக்கும் வந்து சேர வேண்டும். அரை நிமிடம் கழித்தும் கூடு சுடவில்லை என்றால் சூடு வழியில் எங்கேயோ நின்றுவிட்டது. டயோடு வெந்துகொண்டிருக்கிறது, வெந்தால் மங்கத்தான் செய்யும்.

எங்கே நின்றிருக்கும்? பெரும்பாலும் இரண்டு உலோகத்துக்கு நடுவே இருக்கிற காற்றில். நீங்கள் ஓட்டையை 12.2 மில்லிக்குக் கடைந்திருந்தால் சுற்றிலும் 0.1 மில்லி இடைவெளி. நாம் ஜெராக்ஸ் எடுக்கிற ஏ4 தாளின் தடிமன்தான், கண்ணுக்கே தெரியாது. ஆனால் 20 மில்லி நீளமுள்ள மாடியூலைச் சுற்றி அந்தக் காற்று முழுசாக நின்றால், 10 வாட்டைக் கடத்த அந்தப் பக்கத்துக்கும் இந்தப் பக்கத்துக்கும் 50 டிகிரி வித்தியாசம் வேண்டும். நிஜத்தில் ஒரு பக்கம் உலோகம் உலோகத்தைத் தொட்டுக்கொண்டுதான் இருக்கும், அதனால் அவ்வளவு மோசமாகப் போகாது. அதே இடைவெளியில் சாதாரண ஹீட்சிங்க் பேஸ்ட் நிறைந்திருந்தால் வித்தியாசம் ஒன்றிரண்டு டிகிரிக்குள் அடங்கிவிடும்.

நீங்கள் பக்கவாட்டில் ஒரு 3 மில்லி கிரப் ஸ்க்ரூ (தலையில்லாத ஸ்க்ரூ) போட்டு மாடியூலை இறுக்கியிருப்பீர்கள் என்று நினைக்கிறேன், எல்லோரும் அதைத்தான் செய்கிறார்கள். அந்த ஸ்க்ரூ மாடியூலை எதிர்ப்பக்கம் தள்ளும், அங்கே ஒரு கோடு மாதிரி ஒட்டும், மற்ற இடமெல்லாம் இடைவெளிதான். அதற்குப் பதிலாக ஓட்டையைக் கொஞ்சம் சின்னதாகக் கடைந்து, 12 மில்லி ரீமரை (ஓட்டையைத் துல்லிய அளவுக்குச் சீவுகிற கருவி) கையால் சுற்றி இறக்குங்கள், மாடியூல் கட்டைவிரல் அழுத்தத்தில் மெதுவாக உள்ளே போகிற மாதிரி. அப்புறம் சிங்கின் ஒரு பக்கத்தை ரம்பத்தால் நீளவாக்கில் அறுத்து, அந்தப் பிளவை ஸ்க்ரூவால் இறுக்கினால் முழு வட்டமும் பிடித்துக்கொள்ளும். பேஸ்டை ரொட்டிக்குப் பட்டர் மாதிரி அப்ப வேண்டாம், உலோகத்தின் நிறம் மங்கலாகத் தெரிகிற அளவுக்குத் தடவினால் போதும். சிங்குக்கும் கூட்டுக்கும் நடுவேயும் இதே வேலைதான். அங்கே தளர்வாக இருக்கிறது என்று அலுமினியத் தாளைச் சுருட்டித் திணிக்காதீர்கள், ஒவ்வொரு சுற்றுக்கு நடுவேயும் காற்று உட்கார்ந்துகொள்ளும்.

எல்லாம் முடிந்து ஒரு நிமிடம் எரித்துவிட்டுத் தொட்டுப் பாருங்கள், தலைப்பக்கம் வெதுவெதுப்பாக இருந்தால் வேலை சரி.

செம்புதான் சிறந்தது என்று ஒருவர், அலுமினியமே போதும் என்று இன்னொருவர். செம்பு சிங்குக்கு மூன்று மடங்கு விலை சொல்கிறார்கள். கொடுக்கலாமா?
(கிள்ளான்)

எதற்காகக் கொடுக்கிறீர்கள் என்று தெரிந்து கொடுத்தால் தப்பில்லை. செம்பு சூட்டைக் கடத்தும் அளவு ஒரு மீட்டருக்கு ஒரு டிகிரிக்கு 390 வாட், 6061 என்ற ரக அலுமினியம் 167. இந்த இரண்டு எண்ணைப் பார்த்துவிட்டுத்தான் எல்லோரும் செம்பு பின்னால் ஓடுகிறார்கள். ஆனால் 12 மில்லி மாடியூலிலிருந்து 22 மில்லி சிங்கின் வெளிவிளிம்புக்குச் சூடு போக வேண்டிய தூரம் வெறும் 5 மில்லி. சிங்க் 20 மில்லி நீளம் என்றால் 10 வாட்டுக்கு அலுமினியத்தில் ஏற்படுகிற வித்தியாசம் கால் டிகிரிக்குக் கொஞ்சம் மேல், செம்பில் அதில் பாதிகூட இல்லை. இந்தக் கால் டிகிரிக்கா மூன்று மடங்கு காசு? மேலே பிறைத் தம்பி காற்றுக்கே எத்தனை டிகிரி தானம் செய்துகொண்டிருந்தார் பாருங்கள்.

செம்பு உண்மையில் உதவுவது வேறு விதத்தில், அது சூட்டை வாங்கி வைத்துக்கொள்ளும். ரொட்டி சானாய் போடுகிற அங்கிளின் கல்லைப் பார்த்திருப்பீர்கள், தடியாக இருப்பதால்தான் ஒன்றன்பின் ஒன்றாக மாவு விழுந்தாலும் சூடு இறங்குவதில்லை. அதையே திருப்பிப் பாருங்கள், தடியான உலோகம் சூடேறவும் நேரம் எடுக்கும். 22 மில்லி குறுக்களவு, 20 மில்லி நீளத்தில் ஒரு கட்டை எடுத்தால் செம்பில் 68 கிராம், அலுமினியத்தில் 20 கிராம். 10 வாட் உள்ளே போய் வெளியே எங்கும் போகவில்லை என்று வைத்தால் ஒரு நிமிடத்தில் அலுமினியக் கட்டை 32 டிகிரி ஏறும், செம்பு 23 டிகிரி.

அதே இடத்தை அடைத்துக்கொண்டால் செம்பு ஜெயிக்கிறது. அதே எடைக்கு என்றால் கதை மாறிவிடும். அலுமினியம் கிராமுக்குக் கிராம் செம்பைவிட இரண்டு மடங்குக்கு மேல் சூட்டை வாங்கும், ஒரு டிகிரிக்கு 0.90 ஜூல், செம்பு 0.385 தான். அதாவது கூட்டுக்குள் இடம் குறைவு, எடை பரவாயில்லை என்றால் செம்பு போடுங்கள், இடம் இருக்கிறது என்றால் பெரிய அலுமினியக் கட்டையே போதும். அதைவிட மலிவான வழி, சிங்கைக் கூட்டோடு நன்றாகச் சேர்ப்பது. கூடு 100 கிராம் அலுமினியம் என்றால், அதுவும் சேர்ந்து சூட்டை வாங்கும்போது அதே ஒரு நிமிடத்தில் 5, 6 டிகிரிதான் ஏறும். ஓசியில் கிடைக்கிற 100 கிராமை விட்டுவிட்டு உள்ளே இருக்கிற சின்னக் கட்டைக்குச் செம்பா அலுமினியமா என்று சண்டை போடுகிறோம்.

இன்னொன்று, செம்பு என்று கொடுப்பதெல்லாம் செம்பு இல்லை. போன வருடம் நானே ஆன்லைனில் ஓட்டை போடாத செம்புக் கட்டை இரண்டு வாங்கினேன், மேலே சொன்ன அதே 22க்கு 20 அளவு. நல்ல சிவப்பு, நல்ல பளபளப்பு. கையில் வாங்கும்போதே ஏதோ காற்றடைத்த மாதிரி இருந்தது. ஜார்ஜ்டவுன் லிட்டில் இந்தியாவில் நகைக்கடை வைத்திருக்கிற நண்பரிடம் கொண்டுபோனேன், அவர் தராசில் வைத்துவிட்டு ஒன்றும் பேசாமல் என் பக்கம் திருப்பிக் காட்டினார். 21 கிராம். லேத்தில் ஒரு சுற்று சீவியதும் உள்ளே வெள்ளை வெளேர் என்று அலுமினியம், மேலே முலாம். விற்றவர் அதற்கப்புறம் பதிலே போடவில்லை. வெளுத்ததெல்லாம் பால் இல்லை என்பார்கள், சிவந்ததெல்லாம் செம்பும் இல்லை. வாங்கியதும் எடை போடுங்கள், ஒரு கன சென்டிமீட்டருக்கு 9 கிராம் வாக்கில் வர வேண்டும்.

பட்டறையில் கடையக் கொடுப்பதாக இருந்தால் பட்டறை முதலாளி தவுக்கே முகம் சுளிப்பார், அவரைக் குறை சொல்ல முடியாது. சுத்தச் செம்பு பிசின் மாதிரி கத்தியில் ஒட்டும், மரை போடும்போது டேப் என்கிற மரை வெட்டும் கருவி உள்ளேயே உடையும். டெல்லூரியம் கலந்த செம்பு என்று ஒரு ரகம் இருக்கிறது, கடத்தலில் ஒரு பத்து சதவீதம் போகும், ஆனால் பித்தளை மாதிரி சுலபமாகக் கடையும். கிடைத்தால் அதை வாங்கிக் கொடுங்கள். பித்தளையே போடலாமா என்று கேட்பீர்கள், அது செம்பின் எடை, அலுமினியத்தைவிடக் குறைந்த கடத்தல். மாடியூலுக்குப் பரவாயில்லை, சிங்குக்கு நான் போட மாட்டேன்.

கூடு முழுக்க ஸ்டெயின்லெஸ் ஸ்டீலில் அல்லது டைட்டானியத்தில் செய்தால் அழகாக இருக்குமே?
(ஈப்போ)

இருக்கும், அலமாரியில். ஸ்டீலின் கடத்தல் 15, டைட்டானியக் கலவை 7 தான். சூடு தலைப்பக்கமே தேங்கி நிற்கும், வால்பக்கம் பேட்டரி இருக்கிற இடத்துக்கு வரவே வராது, கூட்டின் பாதி உலோகம் வேலை செய்யாமல் சம்பளம் வாங்கும். சட்டி பானைக்கே ஸ்டீலுக்கு அடியில் செம்போ அலுமினியமோ வைத்து விற்கிறார்கள், யோசியுங்கள். ஆசை விடவில்லை என்றால் தலைப்பகுதி மட்டும் அலுமினியத்தில் செய்து, பிடிக்கிற இடத்தை ஸ்டீலில் வையுங்கள். எரிக்கிற நேரத்தையும் பாதியாகக் குறைத்துக்கொள்ளுங்கள்.

கறுப்பு நிறம் சூட்டை நன்றாக விடும் என்பது உண்மையா? சுற்றிலும் வரிவரியாகப் பள்ளம் போட்டால் விடாமல் எரிக்கலாமா?
(செந்தூல்)

நிறத்தில் ஒன்றும் இல்லை, அனோடைஸ் செய்ததா (மின்சாரத்தால் அலுமினியத்தின் மேல் ஆக்சைடு படலம் ஏற்றுவது) இல்லையா என்பதில்தான் விஷயம். பளபளவென்று தேய்த்த அலுமினியமோ செம்போ சூட்டைக் கதிராக வீசவே வீசாது, அனோடைஸ் செய்த மேற்பரப்பு நன்றாக வீசும். நம் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பில் நடக்கிற வேலை என்பதால் கறுப்பும் ஒன்றுதான், நீலமும் ஒன்றுதான், சாயம் போடாததும் ஒன்றுதான். காற்று அசையாத அறையில் அனோடைஸ் செய்த கூடு, பளபளப்பான கூட்டைவிட ஒன்றரை மடங்குக்கு மேல் சூட்டை வெளியே தள்ளும். அப்படியிருந்தும் செம்பைக் கண்ணாடி மாதிரி தேய்த்துப் படம் போடுகிறவர்களை என்ன சொல்ல.

விடாமல் எரிப்பது நடக்காது. 25 மில்லி தடிமன், 130 மில்லி நீளக் கூட்டின் மேற்பரப்பு ஏறக்குறைய 100 சதுர சென்டிமீட்டர். நின்ற காற்றில் அது 10 வாட்டை விட வேண்டுமென்றால் சுற்றியிருக்கிற காற்றைவிட 100 டிகிரி அதிகமாகச் சூடாக வேண்டும். நம் ஊர் 32 டிகிரியில் அது எங்கே போய் நிற்கும் என்று நீங்களே கூட்டிக்கொள்ளுங்கள். அதனால் கூட்டைச் சூடு சேர்த்து வைக்கிற தொட்டியாகத்தான் பார்க்க வேண்டும். ஒரு நிமிடம் எரி, இரண்டு மூன்று நிமிடம் அணை. கையில் பிடிக்க முடியாத சூடு வந்தால் ஏற்கெனவே 50 டிகிரியைத் தொட்டுவிட்டது, நிறுத்துங்கள்.

பள்ளம் போடுவதென்றால் தலைப்பக்கம், கை படாத இடத்தில், 4, 5 மில்லி இடைவெளியில் ஆழமாகப் போடுங்கள். ஒரு மில்லிக்கு ஒரு கோடு கிழித்தால் காற்று உள்ளே நுழையாது, அழுக்குதான் நுழையும். நீங்களே உலோகத்தைக் கரைத்து எடைவேறு குறைக்கிறீர்கள்.

அனோடைஸ் கொடுப்பதற்கு முன்னால் ஒரு எச்சரிக்கை, நான் பட்டது. முதல் கூட்டை ஆசையாக மொத்தமாக முக்கி எடுக்கச் சொல்லிவிட்டேன். வீட்டுக்கு வந்து பேட்டரி போட்டால் எரியவே இல்லை. டிரைவரைக் கழற்றி, சால்டரை உருக்கி, மறுபடி ஒட்டி, ராத்திரி ஒரு மணி. கடைசியில்தான் உறைத்தது, அனோடைஸ் படலம் மின்சாரத்தைக் கடத்தாது, பேட்டரியின் மைனஸ் வாலிலிருந்து கூட்டின் மரை வழியாகத்தான் டிரைவருக்கு வருகிறது. வால் விளிம்பை உப்புத்தாளில் தேய்த்ததும் எரிந்தது. மரைக்கும் விளிம்புக்கும் படலம் ஏறாமல் மூடச் சொல்லிக் கொடுங்கள்.

பெல்டியர் தகடு (மின்சாரம் கொடுத்தால் ஒரு பக்கத்துச் சூட்டை மறுபக்கம் தள்ளுகிற தகடு) வைத்து டயோடை 15 டிகிரிக்குக் குளிர்வித்தால் இன்னும் அதிக ஆம்பியர் தள்ளலாமே?
(பாலிக் பூலாவ்)

தே ஐஸ் கிளாஸை மேசையில் வைத்தால் இரண்டு நிமிடத்தில் என்ன ஆகிறது? டயோடுக்கும் லென்சுக்கும் அதேதான் ஆகும். நம் பினாங்குத் தீவின் ஈரக் காற்றில் 24, 25 டிகிரிக்குக் கீழே எது போனாலும் வியர்க்கும். அதோடு பெல்டியர் 10 வாட்டை நகர்த்தத் தானே இன்னொரு 10 வாட்டோ அதற்கு மேலோ தின்னும், அந்தச் சூட்டையும் சேர்த்து வெளியே தள்ள வேண்டியது அதே 100 சதுர சென்டிமீட்டர்தான். மேசைமேல் வைக்கிற, மின்விசிறி போட்ட, மூடி அடைத்த கருவிக்குப் பெல்டியர் சரி, கைக்கருவிக்கு வேண்டாம்.

என் மகனுக்குப் பதினேழு வயது. லேசர் செய்கிறேன் என்று செம்பு, அலுமினியம், பேட்டரி என்று வாங்கிக் குவிக்கிறான். உங்கள் பக்கத்தை வெட்டி ஒட்டி வைத்திருக்கிறான். இது ஆபத்தில்லையா?
(ஜெலுத்தோங்)

ஆபத்துதான் அக்கா, என் பக்கத்தை வெட்டி வைத்திருக்கிறான் என்றால் எனக்கும் பொறுப்பு இருக்கிறது. 500 மில்லிவாட்டைத் தாண்டினாலே அது 4ஆம் வகுப்பு லேசர், உச்ச வகுப்பு அதுதான். அவன் செய்வது அதைப்போல எட்டு மடங்கு இருக்கலாம். கண்ணை இமைத்துவிடலாம் என்பதெல்லாம் ஒரு மில்லிவாட் பாயிண்டருக்குத்தான் சரி. இதில் ஜன்னல் கண்ணாடியில் பட்டுத் திரும்பினாலும் போதும், கிட்டத்தில் சுவரில் விழுகிற புள்ளியையே உற்றுப் பார்ப்பதுகூடக் கூடாது. விழித்திரை வெந்தால் வெந்ததுதான், வலிக்கக்கூட வலிக்காது.

செம்புக்குக் கேட்கிற காசை முதலில் கண்ணில் போடுகிற பாதுகாப்புக் கண்ணாடிக்குக் கொடுங்கள். நீல லேசர் என்றால் அதில் 450 நானோமீட்டர் அலைநீளத்துக்கு ஓடி (OD, ஒளியைத் தடுக்கிற அளவு) 4 அல்லது அதற்கு மேல் என்று எழுதியிருக்க வேண்டும். ஓடி 4 என்றால் பத்தாயிரத்தில் ஒரு பங்கு ஒளிதான் உள்ளே வரும், 4 வாட் 0.4 மில்லிவாட்டாகிவிடும். லேசரோடு டப்பாவில் இலவசமாக வருகிற சிவப்புப் பிளாஸ்டிக்கை நம்பாதீர்கள். அவனுக்கு ஒன்று, அவன் எரிக்கும்போது அந்த அறையில் இருக்கிற ஒவ்வொருவருக்கும் ஒன்று, தம்பி தங்கை உட்பட.

மொட்டை மாடி வேண்டவே வேண்டாம். பாயான் லெப்பாஸில் இறங்குகிற விமானம் உங்கள் வீட்டிலிருந்தே தெரியும். விமானத்தை நோக்கி லேசர் அடிப்பது குற்றம், விளையாட்டுக்கு என்று சொல்லித் தப்பிக்க முடியாது. அவனுக்கு இந்த வேலை பிடித்திருக்கிறது என்றால், கடைசல் வேலையை முதலில் கற்றுக்கொள்ளச் சொல்லுங்கள். டயோடுக்குப் பதிலாக ஒரு 10 வாட் மின்தடையை மாடியூல் இடத்தில் வைத்துச் சிங்க் எப்படிச் சூடாகிறது என்று தெர்மாமீட்டரால் அளந்து பழகலாம். கண்ணுக்கு ஆபத்தே இல்லாமல் நான் இந்தப் பக்கத்தில் சொன்ன எல்லாக் கணக்கையும் சரிபார்க்கலாம், எங்கேயாவது தப்பு இருந்தால் எனக்கே எழுதட்டும்.

பாசார் மாலாமில் (இரவுச் சந்தையில்) வாங்கிய பச்சை லேசர், கொஞ்ச நேரத்தில் மங்கி, அணைத்துவிட்டுப் போட்டால் மறுபடி பிரகாசமாகிறது. செம்பு சிங்க் வைத்தால் சரியாகுமா?
(தைப்பிங்)

அது பெரும்பாலும் 532 நானோமீட்டர் ரகம். உள்ளே இருக்கிற டயோடு பச்சையே இல்லை, 808 நானோமீட்டர் அகச்சிவப்பு. அது ஒரு படிகத்தைத் தூண்டி 1064 ஆக்கி, இன்னொரு படிகம் அதைப் பாதியாக்கிப் பச்சை வருகிறது. டயோடு சூடாக ஆக அதன் அலைநீளம் நகரும், டிகிரிக்கு 0.3 நானோமீட்டர் வாக்கில், படிகத்துக்குப் பிடித்த இடத்தை விட்டுத் தள்ளிப் போய்விடும். சிங்க் வைத்தால் நகர்வது மெதுவாகும், அவ்வளவுதான். அந்த ரகத்தின் மலிவுச் சரக்கில் அகச்சிவப்பைத் தடுக்கிற வடிகட்டி இருக்காது என்பதுதான் எனக்குக் கவலை, மங்கலாகத் தெரிகிறதே என்று கிட்டே போய்ப் பார்க்காதீர்கள்.

திரீடி பிரிண்டரில் கூடு அடிக்கலாமா?
(சுங்கை பட்டாணி)

பிரிண்டரில் வழக்கமாகப் போடுகிற பிஎல்ஏ பிளாஸ்டிக் 60 டிகிரியிலேயே இளகும், சூட்டையும் கடத்தாது. உலோகக் கூட்டுக்கு மேல் கைப்பிடி உறை அடித்துப் போடலாம், அதுவும் வால்பக்கம் மட்டும். தலைப்பக்கம் உலோகம் வெறுமையாகவே இருக்கட்டும், அங்கே சுடுவது உங்கள் விரலுக்குத் தெரிய வேண்டும்.